தசமபாகம்: கொடுக்க வேண்டியவர் யார், பெற வேண்டியவர் யார்?

தசமபாகத்தை மொத்தச் சம்பளத்தில் கணக்குப் போடுவதா, பி.எஃப்., கடன் தவணை எல்லாம் பிடித்தது போகக் கைக்கு வருவதிலா? சபைக் குடும்பங்களில் சம்பள நாள் தோறும் எழும் கேள்வி இது. நகையை அடகு வைத்து வாங்கிய பணத்துக்கும் உண்டா, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்புவதற்கு உண்டா என்று அது நீளும். இவற்றுக்கெல்லாம் மேடையிலிருந்து விடை வந்துவிடுகிறது. ஆனால் பத்தில் ஒன்று என்பது இன்றைய விசுவாசிக்கு இட்ட கட்டளைதானா என்ற முதல் கேள்வி மட்டும் கேட்கப்படாமலே போகிறது.

மோசேயின் சட்டத்தைத் திறந்து பார்த்தால், அங்கே தசமபாகம் பணம் அல்ல. நிலத்தின் விளைச்சலும் மரத்தின் கனியும் ஆடுமாடுமே அதற்கு உட்பட்டவை. தச்சரின் கூலியோ மீனவரின் வலையில் விழுந்ததோ அந்தப் பட்டியலில் இல்லை. மந்தையைக் கோலுக்குக் கீழே ஓட்டி எண்ணும்போது பத்தாவதாக வருவது கர்த்தருக்கு உரியது என்கிறது லேவியராகமம் 27. அந்தக் கணக்கில், ஒன்பது ஆடு மட்டுமே உள்ளவனிடம் பத்தாவது ஆடே இல்லை. எண்ணாகமம் 18 இந்தப் பங்கை லேவியருக்கு ஒதுக்குகிறது. அவர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது என்பதே காரணம். லேவியரின் பங்கைக் கேட்கிற ஊழியர் அந்த நிபந்தனையையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

உபாகமம் 14-ஐ நம் மேடைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை. அங்கே தசமபாகத்தைக் கொடுத்தவனே குடும்பத்தோடு கர்த்தரின் சந்நிதியில் உட்கார்ந்து சாப்பிட்டு மகிழ்கிறான். வழி தூரமானால் விளைச்சலை விற்றுப் பணமாக்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் மனம் விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம். மூன்றாம் வருடத்துப் பங்கு ஊரிலேயே வைக்கப்பட்டு லேவியருக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போனது. விதவை பெறுகிறவளாக இருந்தாள். இன்று அவளிடமே பத்தில் ஒன்றைக் கேட்கிறோம்.

மறுதரப்பின் வலுவான வாதம், ஆபிரகாம் சட்டத்துக்கு முன்பே மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தான் என்பது. உண்மைதான். ஆனால் அவன் கொடுத்தது ஒரு போரில் கிடைத்த பொருளில், கட்டளை எதுவும் இல்லாமல். வருடந்தோறும் கொடுத்ததாக ஆதியாகமம் சொல்லவில்லை. விருத்தசேதனமும் சட்டத்துக்கு முந்தியதுதான். அதைப் புறஜாதியார் மேல் சுமத்தக் கூடாது என்று எருசலேமில் கூடிய அப்போஸ்தலர் முடிவு செய்தார்கள். முந்தியது என்பதாலேயே ஒன்று கட்டளையாகிவிடாது. இயேசு பரிசேயரிடம் தசமபாகத்தை விட்டுவிடாதிருக்கச் சொன்னாரே என்றால், அப்போது ஆலயமும் லேவியரும் சட்டமும் நடைமுறையில் இருந்தன. அந்தப் பேச்சின் கனமும் அவர்கள் கைவிட்ட நியாயம், இரக்கம், விசுவாசம் இவற்றின் மேல்தான் விழுகிறது.

மல்கியா 3-தான் அதிகம் பயமுறுத்தப் பயன்படும் பகுதி. கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான், சாபம் வரும் என்று அது சொல்கிறது. அதன் பின்னணியை நெகேமியா 13 காட்டுகிறது: பங்கு வராததால் லேவியர் வேலையை விட்டு வயல்களுக்கு ஓடிப்போயிருந்தார்கள். மல்கியா சொல்லும் பண்டகசாலை என்பது அவர்கள் உணவை வைத்த இடம். இந்தச் சாபத்தை எடுத்து, மருத்துவமனையில் பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பத்திடம், தசமபாகம் தவறியதால் வந்தது இது என்று சொல்வதை நான் கொடுமை என்றே சொல்வேன்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது பணம் சேர்ப்பதைப் பற்றி விரிவாகவே பேசுகிறார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கச் சொல்கிறார். கட்டாயம் கூடாது என்கிறார். ஒருவரிடம் உள்ளதைக் கொண்டே அளக்கிறார். பத்தில் ஒன்று என்ற எண்ணைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை; அவர் சொல்லவில்லை. கட்டாயம் பின்னாளில் வந்தது. ஐரோப்பாவில் 585-இல் மாக்கோன் நகரில் கூடிய ஆயர் சங்கம் தசமபாகம் கொடுக்காதவரைச் சபையிலிருந்து விலக்கலாம் என்றது. 779-இல் பிராங்கு அரசர் சார்லமேன் தசமபாகத்தை அரச ஆணையாக்கினார். அதற்குப் பிறகு அது உழவர் முதுகில் ஏறிய வரியாகவே நூற்றாண்டுகள் நீடித்தது.

இனி எண்ணைப் பார்ப்போம். மாதம் 9000 ரூபாய் சம்பளத்தில் வீட்டு வேலை செய்யும் தாய்க்கு 900 ரூபாய் என்பது ஏறக்குறைய ஒரு சிலிண்டர். இரண்டு லட்சம் வாங்குபவர் 20,000 கொடுத்த பின்னும் அவர் வீட்டில் எதுவும் குறைவதில்லை. விகிதம் ஒன்று, தியாகம் ஒன்றல்ல. ஏழை விதவையின் இரண்டு காசை இயேசு புகழ்ந்தாரே என்று கேட்கலாம். மாற்கு 12-இல் அதற்குச் சற்று முன்னேதான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரை அவர் கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

ஒரு எண் இல்லாவிட்டால் ஜனங்கள் சில்லறையைப் போட்டுவிட்டுப் போவார்கள், போதகர் குடும்பம் எதைச் சாப்பிடும் என்ற கவலையை நான் தள்ளிவிடவில்லை. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர் அதனால் பிழைக்க வேண்டும் என்று பவுலே சொல்கிறார். ஆனால் அச்சுறுத்தாமலும் சபை வளர்ந்திருக்கிறது. தென் மாவட்டங்களில் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுபோகும் பிடியரிசிக் காணிக்கை வழக்கம் இருந்தது. யாரும் அளந்து பார்க்கவில்லை. பெரிய உலை வைக்கும் வீட்டில் பிடியும் கூடியது. 1903-இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், இந்தியர் பணத்திலேயே இந்தியரை ஊழியத்துக்கு அனுப்புவது என்ற உறுதியோடு நின்றது.

ஆகவே என் முடிவு இது. தன் மனதிலேயே பத்தில் ஒன்று என்று தீர்மானித்துக் கொடுப்பது நல்ல ஒழுங்கு. வசதியுள்ளவர் அதோடு நின்றுவிடக் கூடாது. அதைக் கட்டளை என்று போதிப்பதற்குப் புதிய ஏற்பாட்டில் ஆதாரம் இல்லை. சாபத்தைக் காட்டி ஏழையிடம் வாங்குவது தவறு. காணிக்கைப் பணத்தில் யாரும் குறை சொல்லாதபடி பவுல் பிறரையும் உடன் அனுப்பினார். அதுபோல வரவு செலவைச் சபை முன் வைக்காதவர் தசமபாகத்தைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறார். போதகர்களே, அடுத்த முறை மல்கியாவை வாசிக்கும்போது உபாகமம் 14-ஐயும் சேர்த்து வாசியுங்கள். உங்கள் சபையின் விதவைகளுக்கு இந்த வருடம் எவ்வளவு போனது என்பதையும் அன்றே அறிவியுங்கள்.