ஐந்நூற்று ஒன்றாவது பின்

எது அசல், எது போலி என்று சொல்லித்தரும் எழுத்து இணையத்தில் ஒரு தனி வகைமையாகவே வளர்ந்திருக்கிறது. கைப்பை, ஸ்னீக்கர், கைக்கடிகாரம் என்று எதை எடுத்தாலும் ஒரு வழிகாட்டி இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புகைப்படங்கள், நடுவே சிவப்பு அம்புக்குறி, கீழே பத்துப் பதினைந்து குறிப்புகள். இதையெல்லாம் யாரும் இலக்கியக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். ஆனால் கூர்ந்து பார்ப்பது பற்றியும் அசல்தன்மை பற்றியும் விமர்சகர்கள் வருஷக்கணக்கில் அடித்துக்கொள்கிற கேள்விகள், அங்கே கோட்பாட்டுச் சுமை எதுவும் இல்லாமல் சாதாரணமாக வந்துபோகின்றன.

அவற்றில் டிஸ்னி எனாமல் பின்களைப் பற்றிய வழிகாட்டிகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். சட்டையிலோ பையிலோ குத்திக்கொள்கிற அந்தச் சின்ன உலோக வில்லைதான். அதற்கு இவ்வளவு அலசல் தேவையா என்றால், தேவைதான். ஏனென்றால் இங்கே போலி பல சமயம் அசல் பிறந்த அதே அச்சிலிருந்து பிறக்கிறது.

*

முதலில் கொஞ்சம் பின்னணி. 1999 அக்டோபரில், ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில், புத்தாயிரமாண்டுக் கொண்டாட்டத்தின் பகுதியாக பின் பரிமாற்றம் தொடங்கியது. பூங்கா ஊழியர்கள் கழுத்துப் பட்டையில் பின்களைக் குத்திக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் உங்களுடைய ஒன்றைக் கொடுத்து, அவரிடம் இருப்பதில் பிடித்த ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். கொடுப்பது உலோகத்தால் ஆன டிஸ்னி பின்னாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றுக்கு ஒன்று. எது விலை கூடியது, எது அரியது என்ற பேரம் கிடையாது. எட்டு வயசுப் பெண் கேட்டாலும் ஐம்பது வயசு சேகரிப்பாளர் கேட்டாலும் விதி ஒன்றுதான்.

செய்முறையும் எளியதே. உலோகத் தகட்டில் அச்சை அழுத்திப் படத்தின் கோடுகளை மேடாக்குவார்கள். மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் நிறத்தை ஊற்றிச் சூட்டில் இறுக்குவார்கள். நிறம் மேட்டுக்குக் கீழேயே தங்கிவிட்டால் அது சாஃப்ட் எனாமல். விரலால் தடவினால் வரப்பு தட்டும். மேலே நிரப்பி, தேய்த்துச் சமமாக்கினால் ஹார்ட் எனாமல். கண்ணாடி மாதிரி வழுக்கும். பழைய க்ளோசனே முறையில் கண்ணாடித் தூளை 800 டிகிரி அளவு சூட்டில் உருக்குவார்கள். இன்றைய ஹார்ட் எனாமலில் பெரும்பாலும் கண்ணாடியே கிடையாது, செயற்கை வண்ணம்தான். தொழிலில் அதற்கு இன்னொரு பெயர், 'இமிட்டேஷன் க்ளோசனே'. அதாவது நாம் அசல் என்று கட்டிக்காக்கிற பொருளே, செய்பொருள் கணக்கில் ஒரு போலி.

*

இனி வழிகாட்டிகள். அவை சொல்லும் அடையாளங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். நிறம் நிரம்பாமல் குழிந்திருக்கிறதா? ஒரு நிறம் கோட்டைத் தாண்டிப் பக்கத்து நிறத்துக்குள் கசிந்திருக்கிறதா? ஓரம் கையைக் கீறுகிறதா? கையில் வைத்தால் எடை குறைவாகத் தெரிகிறதா? மிக்கியின் கால்சட்டைச் சிவப்பு ஒரு மாற்றுக் குறைந்திருக்கிறதா? அப்புறம் முதுகைத் திருப்பிப் பார்க்கச் சொல்வார்கள். பல பின்களின் முதுகில் குட்டிக் குட்டி மிக்கி தலைகள் வலைபோலப் பதிந்திருக்கும். அசலில் அந்த வலை ஓரம்வரை ஓடிப் பாதித் தலையோடு வெட்டுப்படும், போலியில் சுற்றிலும் வழுவழுப்பாக ஒரு கரை விட்டிருக்கும் என்பது சேகரிப்பாளர்களின் பழைய பாடம்.

இந்தக் குறிப்புகளை நான் ரசித்து வாசிப்பேன். ஒரு பொருளின் முகத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். இவை முதுகைப் பார்க்கச் சொல்கின்றன. மூன்று சென்டிமீட்டர் உலோகத்தை பத்து நிமிஷம் பார்க்கவைக்கிற எழுத்து லேசுப்பட்டதல்ல. கவிதை விமர்சனம் எழுதுகிற பலருக்கு இந்தப் பொறுமை கிடையாது.

ஆனால் இரண்டு இடங்களில் இவை வழுக்குகின்றன. ஒன்று, அசல் பின்கள் ஒரே தொழிற்சாலையில், ஒரே வருஷத்தில் வந்தவை அல்ல. பழைய பின்கள் பலவற்றின் முதுகில் அந்த வலையே இருக்காது. பட்டியலை வேதமாக எடுத்துக்கொண்டால் நல்ல பின்னையே குப்பையில் போடுவோம். இரண்டாவது, எந்தப் பட்டியலை வாங்குபவர் வாசிக்கிறாரோ, அதே பட்டியலைப் போலி செய்பவரும் வாசிக்கிறார். என் தொழிலில் இது தினசரிப் பாடம். டெஸ்ட் கேஸ்கள் என்னென்ன என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அந்த டெஸ்ட்களை மட்டும் பாஸ் செய்கிற ப்ரோகிராம் எழுதுவது ரொம்ப சுலபம். ஓரத்தில் கரை இருக்கக் கூடாதா? சரி, அடுத்த முறை இருக்காது.

*

இதையும் தாண்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சேகரிப்பாளர்கள் இந்தப் போலிகளுக்கு வைத்திருக்கிற பெயர் 'ஸ்கிராப்பர்'. தரச் சோதனையில் கழிந்து, உருக்கிப்போட வேண்டிய ஸ்கிராப்பாக ஒதுக்கப்பட்டவை வெளியே விற்கப்பட்டதால் வந்த பெயர். பிறகு அந்தச் சொல் விரிந்தது. ஆர்டருக்கு மேல் கூடுதலாக அடித்தவை, ஆர்டர் முடிந்தபிறகும் அழிக்கப்படாத அச்சில் அடித்தவை, படத்தைப் பார்த்துப் புது அச்சு வெட்டி அடித்தவை என எல்லாவற்றுக்கும் இப்போது அதே பெயர்தான். கடைசி வகையைக் கூர்மையான கண் பிடித்துவிடும். கழிவில் வந்ததிலும் குறை தெரியும். ஆனால் அதே அச்சு, அதே உலோகம், அதே வண்ணம், ஒழுங்காகச் செய்தது, ஆர்டருக்கு மேல் ஒன்று? உரைகல்லில் உரசினாலும் அது அசலாகத்தான் நிற்கும். முதுகில் இருக்கிற காப்புரிமை முத்திரையும் உதவாது. அதைக் கையெழுத்தாக நினைக்கிறோம், உண்மையில் அது படத்தின் ஒரு பகுதி. அச்சை வைத்திருப்பவரிடம் முத்திரையும் இருக்கிறது.

சரி, அப்போ எதை வைத்து அதைப் போலி என்கிறோம்?

வால்டர் பென்யமின், இயந்திர மறுஉற்பத்தி பற்றிய தன் 1930களின் கட்டுரையில், ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதியும் எடுக்கலாம் என்பதால் அவற்றில் 'அசல்' எது என்று கேட்பதற்கே அர்த்தமில்லை என்றார். பின் சேகரிப்பவர்கள் அந்த அர்த்தமற்ற கேள்வியைத்தான் தினமும் கேட்கிறார்கள், அதற்குப் பணமும் கொடுக்கிறார்கள். நெல்சன் குட்மன் 1968இல் வெளியான 'லாங்குவேஜஸ் ஆஃப் ஆர்ட்' நூலில் இன்னும் நுணுக்கமாகப் போகிறார். போலி என்பது தோற்றத்தில் இல்லை, தான் உருவான வரலாற்றைப் பற்றி அது பொய் சொல்வதில் இருக்கிறது என்பது அவர் வாதம். செதுக்கு அச்சு ஓவியங்களுக்கு அவர் தரும் அளவுகோல், அது மூலத் தகட்டிலிருந்து எடுக்கப்பட்டதா என்பதே. அந்த அளவுகோலை மட்டும் வைத்தால் நம்முடைய உபரிப் பின் பாஸ். மூல அச்சிலிருந்துதானே வந்தது?

ஆனால் குட்மனின் முதல் வாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் வழி தெரிகிறது. சில பின்களின் முதுகில் 'லிமிட்டெட் எடிஷன் 500' என்று பொறித்திருக்கும். அதே அச்சில் ஐந்நூற்று ஒன்றாவது பின் அடிக்கப்படுகிறது என்று வையுங்கள். அதுவும் தன்னை ஐந்நூறில் ஒன்று என்றே சொல்லிக்கொள்ளும். அது சொல்வது பொய். அதைவிட மோசம், அது பிறந்த நிமிஷத்திலிருந்து மற்ற ஐந்நூறும் பொய் சொல்ல ஆரம்பிக்கின்றன. யாருடைய பெட்டியிலும் எதுவும் மாறவில்லை, ஒரு கிராம் உலோகம்கூடக் குறையவில்லை. இருந்தும் எல்லாப் பெட்டிகளிலும் ஒரு வாக்கியம் பொய்யாகிவிட்டது.

அப்படியானால் எல்லாமே நிறுவனத்தின் அனுமதிச் சீட்டுதானா? அதுவும் இல்லை. 'ஃபேன்டசி பின்' என்று இன்னொரு வகை உண்டு. ரசிகர்கள் தாங்களே வரைந்து, தொழிற்சாலையில் கொடுத்துச் சின்ன எண்ணிக்கையில் அடித்துக்கொள்பவை. அனுமதி கிடையாது, பூங்காவில் ஊழியரிடம் மாற்றவும் முடியாது. காப்புரிமைச் சட்டம் அவற்றைப் பார்த்து முகம் சுளிக்கலாம். ஆனால் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள், ஸ்கிராப்பரை வெறுக்கிறார்கள். இரண்டுக்குமே அனுமதி இல்லை. ஃபேன்டசி பின் தான் யார் என்பதை மறைப்பதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். கோட்பாடு எதுவும் படிக்காமல் இந்தக் கூட்டம் குட்மனைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறது.

*

இதில் அடிபடுவது யார்? டிஸ்னிக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. ஐந்நூறு என்ற பற்றாக்குறை இயற்கை தந்ததல்ல, அவர்களே உண்டாக்கியது. அச்சு கையைவிட்டுப் போனால் பார்த்துக்கொள்ள அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள்.

அடிபடுவது அந்த எட்டு வயசுப் பெண். பூங்காக் கடையில் பின் ஒன்று பத்து டாலரைத் தாண்டும். இணையத்தில் ஐம்பது, நூறு என்று மூட்டையாக வாங்கினால் ஒன்றுக்கு ஒரு டாலர் போல ஆகும். அந்த மூட்டைகளில் ஸ்கிராப்பர்கள்தான் அதிகம். பரிமாற்ற விதியோ ஒன்றுக்கு ஒன்று. மட்டமான நாணயமும் நல்ல நாணயமும் ஒரே மதிப்பில் செல்லும் என்றால், நல்லதை எல்லோரும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு மட்டமானதையே சந்தையில் தள்ளுவார்கள் என்று பொருளியலில் கிரெஷாம் விதி சொல்கிறது. ஊழியரின் கழுத்துப் பட்டை அப்படித்தான் நிறைகிறது. அப்பா வாங்கித்தந்த கடைப் பின்னை நீட்டுகிற பெண், கழிவில் போக வேண்டிய ஒன்றை வாங்கிக்கொண்டு துள்ளிப் போகிறாள். பேரம் வேண்டாம் என்று குழந்தைகளுக்காக வைத்த விதியே அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

"அவளுக்குப் பிடிச்சிருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவள் ரசித்த படம் அவளிடமே இருக்கிறது, அதை யாரும் பிடுங்கவில்லை. ஆனால் அவள் ஒரு படத்தை மட்டும் வாங்கிப் போகவில்லை. முன்பின் தெரியாத ஒருவரோடு கணக்குப் பார்க்காமல் மாற்றிக்கொள்ளலாம், ஏமாற மாட்டோம் என்ற நம்பிக்கையையும் சேர்த்து வாங்கிப் போகிறாள். ஒருநாள் யாரோ அவள் பின்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். உடைவது அந்த நம்பிக்கைதான்.

அதனால்தான் இந்த வழிகாட்டிகளின் வரிசையோடு எனக்குச் சண்டை. குழி, கசிவு, கரை என்று முதல் பக்கத்தில் தொடங்குகிறார்கள். யாரிடம் வாங்கினாய், அவர் யாரிடம் வாங்கினார் என்ற கேள்வி பத்தாவது குறிப்பாக வருகிறது. அதுதான் முதலில் வர வேண்டும், ஏனென்றால் அச்சோடு சேர்த்து நகலெடுக்க முடியாத ஒன்று அது மட்டுமே. அதற்கு அடுத்ததாக ஒரு வரி: கையில் இருப்பது போலி என்று தெரிந்துவிட்டால், அதை அடுத்தவர் தலையில் கட்டாமல் வீட்டிலேயே வைத்துக்கொள். சட்டையில் குத்திக்கொள், படம் நன்றாகத்தான் இருக்கும். பூங்காவுக்கு மட்டும் எடுத்துப் போகாதே.