படுத்திருக்கும் சிலிண்டர்

அமெரிக்கக் கிடங்குகளில் புரொப்பேனில் ஓடும் ஃபோர்க்லிஃப்டைப் பார்ப்பவர்களின் கண், முன்னால் ஏறி இறங்கும் ஃபோர்க்கின் மேல்தான் போகும். எனக்குப் பிடித்தது பின்பக்கம். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், கவுன்டர்வெயிட்டின் மேல், பட்டை போட்டு இறுக்கிய புரொப்பேன் சிலிண்டர் ஒன்று படுத்துக் கிடக்கும்.

உள்ளே சுமார் 15 கிலோ. ஏறக்குறைய நம் சமையலறைச் சிலிண்டர் அளவுதான். ஆனால் நம்முடையது நிமிர்ந்து நின்று, மேலே சேரும் வாயுவை அடுப்புக்குக் கொடுக்கிறது. எஞ்சின் கேட்கும் வேகத்தில் அப்படி வாயுவை உருவினால், ஆவியாகும் திரவம் தன் சூட்டையே இழந்து சில்லிட்டுப்போகும், அழுத்தமும் விழும். அதனால் இங்கே திரவத்தையே எடுக்கிறார்கள். சிலிண்டரின் கழுத்து வளையத்தில் ஒரு துளை இருக்கும். வண்டியில் நீட்டியிருக்கும் முளை அதில் சரியாக உட்கார வேண்டும். பிடிமானத்துக்காக மட்டும் அல்ல. உட்கார்ந்தால்தான் உள்குழாயின் வாய் திரவத்தில் மூழ்கியிருக்கும், பாதுகாப்பு வால்வு மேலே வாயு பக்கம் இருக்கும். மாற்றிப் போட இடமே தராத இந்தச் சின்ன முளையை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

அடுத்தது ரெகுலேட்டர். இந்த வண்டியின் உண்மையான அழகு இதுதான் என்பேன். எஞ்சினைக் குளிர்வித்துச் சூடேறி வரும் கூலன்ட் இதன் உடம்புக்குள் ஓடுகிறது. ரேடியேட்டர் வழியாக வீணாகியிருக்கும் சூடு, திரவத்தை ஆவியாக்கி ஏறக்குறைய 270 மடங்கு விரிய வைக்கிறது. எரிந்து முடிந்த எரிபொருளின் மிச்சச் சூடு, எரியப்போகிற எரிபொருளைத் தயார் செய்கிறது! கூலன்ட் குறைந்துவிட்டால் ரெகுலேட்டரின் மேல் வெண்பனி பூத்துவிடும். மெக்கானிக் கையில் ஸ்பேனர் எடுக்கும் முன்பே கோளாறைச் சொல்லிவிடுவார்.

பிறகு மிக்சர். எஞ்சின் காற்றை இழுக்கும் இழுப்பிலேயே வாயுவும் வந்து கலக்கிறது. எஞ்சின் நின்றால் லாக்-ஆஃப் வால்வு மூடிக்கொள்ளும். ஹைட்ராலிக் பம்பு, செயின் எல்லாம் டீசல் வண்டியில் உள்ளவைதான்.

பேட்டரி வண்டிகள் சத்தமில்லாதவை, புகையில்லாதவை. கிடங்குக்குள் அவற்றுக்கே என் ஓட்டு. ஆனாலும் சார்ஜுக்குக் காத்திராமல், காலி சிலிண்டரைச் சில நிமிடங்களில் மாற்றிவிட்டு வேலையைத் தொடரும் வசதி புரொப்பேன் வண்டியின் தனிச்சிறப்பு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். புரொப்பேனில் கலக்கும் மெர்காப்டன் நாற்றம் வாயுக் கசிவைத்தான் காட்டிக்கொடுக்கும். எஞ்சின் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. காற்றோட்டமில்லாத கிடங்கில் இந்த வண்டியை ஓட்டாதீர்கள்.