மோர்டோரில் யார் உழுகிறார்கள்? கதை உலகக் கேள்விகளை ரசிப்பது எப்படி

படம் முடிந்து வெளியே வரும்போது "லாஜிக் இடிக்குது" என்று சொல்பவருக்கு அந்தக் கதை அங்கேயே முடிந்துபோகிறது. அதே இடத்தில் இடறிய இன்னொருவர், "சரி, அந்த ஊரில் அது எப்படி நடந்திருக்கும்?" என்று யோசிக்க ஆரம்பிக்கிறார். ஆசிரியர் காட்டாத தெருவுக்குள் அவர் தானாகவே நடந்து போகிறார். கற்பனை உலகங்களைப் பற்றி ரசிகர்கள் கேட்கும் நல்ல கேள்விகள் இந்த இரண்டாம் ஆளிடமிருந்துதான் வருகின்றன. வேலையற்ற வேலை என்று பலர் இதைத் தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கோ இது ஒரு கதைக்கு வாசகர் காட்டக்கூடிய மிகப் பெரிய மரியாதை.

இதை ரசிக்கப் பழக, ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போய்ப் பார்ப்பதே நல்ல வழி.

ஜே.ஆர்.ஆர். டோல்கினின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954–55இல் வெளிவந்தது. அதில் தீய சக்தியான சௌரானின் நாடு மோர்டோர். அவனுடைய மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்கப் போகும் ஹாபிட் இனத்தவரான ஃப்ரோடோவும் சாமும் அதைக் கடந்து செல்லும்போது நம் கண்ணில் படுவது சாம்பல், பாறை, முட்புதர், புகை. பயிர் விளைய வழியில்லாத அந்த மண்ணில் ஓர்க் படைகள் கூட்டம் கூட்டமாக முகாமிட்டிருக்கின்றன. அத்தனை வாய்களுக்கும் சோறு எங்கிருந்து வருகிறது?

கேள்வி தோன்றியதும் நாமாக ஒரு பதிலைக் கட்டிவிடாமல் புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும். 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' பாகத்தில், இருவரும் அந்தச் சமவெளியைப் பார்த்து நிற்கும் இடத்தில், டோல்கின் இதற்குப் பதிலை வைத்திருக்கிறார். நாட்டின் தெற்கே நூர்னென் என்ற ஏரியைச் சுற்றி அடிமைகள் உழும் வயல்கள் இருக்கின்றன. கிழக்கிலும் தெற்கிலும் உள்ள கப்பம் கட்டும் நாடுகளிலிருந்து வண்டி வண்டியாகப் பொருள் வருகிறது, புதிய அடிமைகளும் வருகிறார்கள். சாமுக்கும் ஃப்ரோடோவுக்கும் இது எதுவும் தெரியாது. கதைசொல்லி நமக்கு மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். முதல் வாசிப்பில் மலையையும் மோதிரத்தையும் நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் நாம், இந்த இடத்தை நிச்சயம் தாண்டிப் போயிருப்போம்.

அடுத்ததாக நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. போர் முடிந்து அரகோர்ன் முடிசூடிய பிறகு செய்யும் காரியங்களைச் சொல்லும் பத்தியில், மோர்டோரின் அடிமைகளை விடுவித்து, நூர்னென் ஏரியைச் சுற்றியுள்ள நிலம் முழுவதையும் அவர்களுக்கே கொடுத்தான் என்று ஒரு செய்தி வருகிறது. சோற்றைப் பற்றிக் கேட்காத வாசகருக்கு அது நிர்வாகத் தகவல். கேட்டவருக்கோ, கதை முழுக்க ஒருமுறைகூட முகம் காட்டாத ஒரு பெருங்கூட்டம் அங்கே எழுந்து நிற்கிறது. உழுதவனுக்கே நிலம் போய்ச் சேர்கிறது. ஒரு நல்ல கேள்வி தரக்கூடிய பலன் இதுதான்: நாம் கேட்டதற்குப் பதில் கிடைப்பதோடு, வேறொரு பக்கத்தில் செத்துக் கிடந்த வரிக்கு உயிர் வந்துவிடும்.

ஆகவே, யாராவது இப்படி ஒரு கேள்வியை உங்களிடம் நீட்டினால், பதில் சரியா தவறா என்று பார்ப்பதற்கு முன்னால், அது உங்களை எந்தப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிறது என்று பாருங்கள். பசி, மண், பணம், சாமான், பண்டிகை இவற்றைப் பற்றிய கேள்விகள் அநேகமாக ஏமாற்றுவதில்லை. இவருக்கும் அவருக்கும் சண்டை வந்தால் யார் ஜெயிப்பார் என்ற வகைக் கேள்விகள் சீக்கிரம் வற்றிவிடும். கழுகுகளே மோதிரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் எரிமலையில் போட்டிருக்கலாமே என்ற புகழ்பெற்ற கேள்வியும் எனக்குப் பெரிதாகச் சுவைப்பதில்லை. அது கதையைச் சுருக்கப் பார்க்கிறது.

எழுத்தாளரையே அசைத்துவிட்ட கேள்விகளும் உண்டு. 1950களின் கடைசியில் டோல்கினுக்கு வந்த ஒரு கடிதம் அப்படிப்பட்டது. ஹாபிட்கள் தங்கள் பிறந்தநாளில் மற்றவர்களுக்குப் பரிசு கொடுப்பவர்கள் என்று நாவலின் முதல் அத்தியாயம் சொல்கிறது. மோதிரத்தை முன்பு வைத்திருந்த கோலுமோ அதைத் தன் 'பிறந்தநாள் பரிசு' என்கிறான். அவனும் ஹாபிட்களுக்கு நெருங்கிய இனம். அப்படியிருக்க, பிறந்தநாளில் பரிசு வாங்குவது எப்படி? இதுதான் அந்த வாசகர் பிடித்த முரண்.

'அவன் வழக்கம் வேறு' என்று எழுதிவிட்டு டோல்கின் தப்பித்திருக்கலாம். அவர் பக்கம் பக்கமாக எழுதினார். பிறந்தநாளில் பெறுவதும் உண்டு, கொடுப்பதும் உண்டு. பெறுவது குலத்தோடு சம்பந்தப்பட்ட பழைய சடங்கு. பிறந்தநாள்காரருக்குப் பரிசு தர வேண்டிய கட்டாயம் இத்தனை தூரத்துக்குள் இருக்கும் உறவினருக்கு மட்டும்தான். அந்தத் தூரம் பன்னிரண்டு மைல். இதிலிருந்து ஹாபிட்களிடையே 'பன்னிரண்டு மைல் சொந்தக்காரன்' என்ற வசவுகூடப் பிறந்ததாம். தன் வாசலிலிருந்து உங்கள் வாசல் வரை அவனே அளந்து பார்த்து, பன்னிரண்டு மைலுக்குச் சற்று அதிகம் என்று பரிசு தராமல் விடும் கஞ்சன்! நாவலில் இல்லாத இந்த ஆள், வாசகர் ஒருவர் கேட்டதால் பிறந்தவன். நம் வீட்டுக் கல்யாணங்களில் மொய் நோட்டைப் புரட்டிப் பார்க்கும் பெரியவர்களை அறிந்த எவருக்கும் இவனை உடனே அடையாளம் தெரியும்.

இதே டோல்கின் வேறொரு வாசகருக்கு எழுதத் தொடங்கிய மிக நீண்ட பதிலை, தன்னையே மிகப் பெரிதாக நினைத்துக்கொள்வதுபோல் ஆகிவிடுகிறது என்று கருதி, அனுப்பாமல் வைத்துவிட்டார். நாவலில் வரும் டாம் பாம்படில் யார் என்ற கேள்விக்கு, சில புதிர்கள் புதிராகவே இருக்க வேண்டும், இது வேண்டுமென்றே விட்டது என்று 1954இல் எழுதினார். இந்தக் கட்டுப்பாட்டையும் ரசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பாம்படிலைப் பற்றி ரசிகர்கள் சொல்லும் விளக்கங்களில் பல சாமர்த்தியமானவை. ஆனால் அவற்றில் எதுவும் வெல்லாமல் இருப்பதே அந்தப் பாத்திரத்துக்கு நல்லது என்று நினைக்கிறேன்.

அறிவியல் புனைகதைப் பக்கம் வந்தால் விளையாட்டு இன்னும் சூடு பிடிக்கும். அங்கே வாசகர் கையில் பேனாவோடு கணக்கும் இருக்கும். ஹால் கிளெமென்ட் 1953இல் 'மிஷன் ஆஃப் கிராவிட்டி' நாவலை எழுதியபோது, மெஸ்க்லின் என்ற கிரகத்தை எப்படிக் கணக்குப் போட்டு உருவாக்கினார் என்று தனிக் கட்டுரையே எழுதினார். பிழை விடாமல் எழுதுவது ஆசிரியரின் ஆட்டம், பிழை பிடிப்பது வாசகரின் ஆட்டம் என்பது அவர் வைத்த விதி. வாசகர்கள் பிடித்தார்கள். எம்.ஐ.டி. மாணவர்கள் கணக்குப் போட்டு, அந்தக் கிரகத்தின் விளிம்பு அவர் சொன்னதைவிடக் கூர்மையாக இருக்கும் என்று காட்டினார்கள்.

ஆனாலும் இந்த ஆட்டத்தின் உச்சம் லேரி நிவனின் 'ரிங்வேர்ல்ட்' என்பேன். 1970இல் வந்த நாவல். ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி வளையமாகக் கட்டப்பட்ட உலகம். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய எவ்வளவோ, அவ்வளவு ஆரம். பட்டையின் அகலம் சுமார் 16 லட்சம் கிலோமீட்டர். உட்பக்கத்தில் கடலும் மலையும் ஊரும். நொடிக்கு 1,200 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் சுழல்வதால் காலுக்குக் கீழே பூமியைப் போன்ற ஈர்ப்பு. பரப்பளவோ 30 லட்சம் பூமிகளுக்குச் சமம். படிக்கும்போதே மூச்சு முட்டும் கற்பனை.

1971இல் பாஸ்டன் நகரில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் இந்த நாவலுக்கு ஹ்யூகோ விருது கிடைத்தது. அதே மாநாட்டில் எம்.ஐ.டி. மாணவர்கள் விடுதி நடைகளில், 'ரிங்வேர்ல்ட் நிலையில்லாதது' என்று கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் சொன்னது சரி. கெட்டியான வளையத்தின் நட்டநடுவில் நட்சத்திரம் இருக்கும்வரை எல்லாப் பக்கத்து இழுவையும் சமம். ஒரு மயிரிழை விலகினால் போதும், நட்சத்திரத்துக்கு அருகே வந்த பக்கம் இன்னும் பலமாக இழுக்கப்படும். விலகல் வளர்ந்துகொண்டே போய்க் கடைசியில் வளையம் நட்சத்திரத்தில் மோதும். சனிக் கோளின் வளையம் ஒரே கெட்டித் தகடாக இருக்க முடியாது என்று ஜேம்ஸ் கிளர்க் மேக்ஸ்வெல் 1859இல் வெளியான ஆய்வில் நிறுவியது இதே காரணத்தால்தான்.

இன்னொரு கேள்வி ஃபுளோரிடாவில் ஒரு பள்ளி வகுப்பிலிருந்து வந்தது. மழை பெய்கிறது, ஆறு ஓடுகிறது, மேல்மண் கடலுக்குப் போகிறது. பூமியில் கடலடி மண் யுகக்கணக்கில் மெல்ல உயர்ந்து மறுபடி மலையாகும். வளையத்தின் தரையோ கட்டப்பட்ட தகடு, அது மடியாது. அப்படியானால் சில ஆயிரம் ஆண்டுகளில் மண் முழுவதும் கடலடியில் கிடக்குமே, பயிர் எங்கே விளையும்? மோர்டோரின் சோற்றுக் கேள்வி மறுபடியும் வந்து நிற்கிறது பாருங்கள்.

நிவன் சினக்கவில்லை. 'தி ரிங்வேர்ல்ட் எஞ்சினியர்ஸ்' என்று அடுத்த நாவலை எழுதினார். நூலாக 1980இல் வந்தது. வளையத்தை நடுவில் நிறுத்திவைக்க விளிம்புச் சுவரில் உந்துபொறிகள் இருந்தன என்றார். அதோடு விடாமல், அங்கே வாழ்ந்தவர்களே அவற்றில் பலவற்றைக் கழற்றித் தங்கள் விண்கலங்களுக்குப் பொருத்திவிட்டார்கள், அதனால்தான் வளையம் இப்போது நகர ஆரம்பித்துவிட்டது என்றார். மாணவர்கள் காட்டிய பிழை அப்படியே அடுத்த நாவலின் ஆபத்தாயிற்று. மண்ணுக்கும் வழி சொன்னார்: கடலடிச் சேறு தரைக்கு அடியில் குழாய்களில் போய், விளிம்புச் சுவரின் உச்சியிலிருந்து கொட்டுகிறது, கொட்டிக் கொட்டி அங்கே மலைகள் எழுந்திருக்கின்றன, அந்த மலைகளில் மக்கள் வாழ்கிறார்கள். இந்த இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படியுங்கள். முதலாவதை முடித்ததும் உங்களுக்குத் தோன்றும் சந்தேகங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டாவதைத் திறந்தால் இன்பம் இரட்டிக்கும்.

கேள்விக்கு வரும் பதில்களில் இரண்டு வகை உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'ஆசிரியர் மறந்துவிட்டார்' என்பது கதைக்கு வெளியே நின்று சொல்லும் பதில். அது பெரும்பாலும் உண்மையாக இருக்கும். ஆனால் ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடும். மற்றது கதைக்குள்ளேயே நின்று தேடும் பதில். ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். டாக்டர் வாட்சனுக்கு ஆப்கன் போரில் குண்டு பட்டது முதல் நாவலில் தோளில், அடுத்த நாவலில் காலில். கோனன் டாயில் மறந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் 1911இல் ரொனால்ட் நாக்ஸ், வேதநூல் ஆய்வாளர்களின் தோரணையில் ஹோம்ஸ் கதைகளை அலசி ஒரு கட்டுரை வாசித்ததிலிருந்து, வாட்சன் நிஜமாக வாழ்ந்தவர் என்றே வைத்துக்கொண்டு இத்தகைய முரண்களைத் தீர்ப்பது ஒரு மரபாகிவிட்டது. டோரதி சேயர்ஸ், வாட்சனின் மனைவி அவரை ஓரிடத்தில் 'ஜேம்ஸ்' என்று அழைப்பதற்குக் காரணம் அவருடைய நடுப்பெயர் 'ஹேமிஷ்' என்று வாதாடினார். ஜான் ஹெச். வாட்சன் என்பதில் அந்த ஒற்றை எழுத்து என்ன என்று டாயில் சொல்லவேயில்லை. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸின் வடிவம் ஹேமிஷ். மூன்று துண்டும் பொருந்துகின்றன! இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை. இந்த ஆட்டத்தை எள்ளளவும் சிரிக்காமல் ஆட வேண்டும் என்றும் சேயர்ஸ் சொன்னார். அதை நானும் நம்புகிறேன்.

நமக்கும் இது புதிதில்லை. 'பொன்னியின் செல்வன்' 1954இல் தொடராக முடிந்தபோது, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டதற்கு, கல்கி முடிவுரையில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு உடையார்குடிக் கல்வெட்டைத் தேடிப் போகலாம். மோர்டோருக்கு அப்படியொரு கல்வெட்டு இல்லை. அங்கே புத்தகம் மட்டுமே சாட்சி. இருக்கும் சொற்களை வைத்தே வாதாட வேண்டியிருப்பதால்தான் அந்த வாதத்துக்கு ஒரு கறார் வருகிறது.

நீங்களே முயன்று பார்க்க ஒன்றைத் தருகிறேன். 'தி ஹாபிட்' நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில், பில்போவுக்குக் குள்ளர்கள் விட்டுச் சென்ற கடிதம் அவன் வீட்டுக் கணப்படுப்பின் மேல்தட்டில், கடிகாரத்துக்குக் கீழே கிடக்கிறது. கடிகாரம்! பல்சக்கரமும் சுருள்கம்பியும் வேண்டும், உலோகத்தை நுணுக்கமாக வெட்டத் தெரிய வேண்டும். ஹாபிட்களோ ஆலை, துருத்தி, தறிக்கு மேல் சிக்கலான இயந்திரம் எதையும் விரும்பாதவர்கள். இந்தக் கடிகாரத்தைச் செய்தது யார்?

தடயங்கள் இருக்கின்றன. ஹாபிட்களின் நாடான ஷயரின் ஊடாகச் செல்லும் பெருவழியில் குள்ளர்கள் போய்வருகிறார்கள். அவர்கள் உலோக வேலையில் கெட்டிக்காரர்கள். பில்போவின் விருந்தில் குழந்தைகளுக்குக் கொடுத்த பொம்மைகளில் சில தொலைதூர டேல் நகரிலிருந்து வந்தவை. ஆக, வணிகம் இருந்திருக்கிறது. ஆனால் தேதியைக் கவனியுங்கள். கடிதம் வந்த காலத்தில் டேல், டிராகன் ஸ்மாக்கால் அழிந்து பாழாகக் கிடந்தது. பொம்மைகள் வந்ததோ அது மீண்ட பிறகு. அப்படியானால் கடிகாரம் அழிவுக்கு முந்தைய தலைமுறையின் சொத்தா? பில்போவின் தாய்வழிப் பாட்டனார் கிழட்டு டூக் பணக்காரர், அவர் மகள் பெல்லடோனாவின் பணத்தையும் ஓரளவு வைத்துத்தான் அந்த வீடே கட்டப்பட்டது. அல்லது நீலமலைக் குள்ளர்களின் வேலையா? அவர்கள் ஷயருக்கு மேற்கே, பக்கத்திலேயே இருந்தார்கள். நான் நீலமலைப் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் கெட்டுப்போனால் அதைப் பழுது பார்த்தது யார் என்பதற்கு இன்னும் எனக்கு வழி கிடைக்கவில்லை.