ஐரோப்பாவுக்கு ஜூனா, செப்டம்பரா?

வேலூர் சத்துவாச்சாரியில் ஐரோப்பாப் பயணம் என்று பேச்செடுத்தால், "மே மாசத்துல போயிட்டு வந்துடலாம், வெயிலுக்கும் தப்பிச்ச மாதிரி ஆச்சு" என்பதுதான் முதல் யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. வேலூரை வெயிலூர் என்று யாராவது கேலி செய்தால் நாமும் சேர்ந்து சிரிக்கிறோம். ஆனால் ஊரை விட்டு ஓடுவதற்கான காரணம் வேறு, போகிற ஊரைப் பார்ப்பதற்கான காரணம் வேறு. வெயிலுக்குத் தப்ப ஏலகிரி போதும். லட்சக்கணக்கில் செலவு செய்து கண்டம் தாண்டுகிறவர், அங்கே என்ன கிடைக்கும் என்பதை வைத்துத்தான் மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் போட்டி எதற்கும் எதற்கும் இடையில் என்று வரையறுத்துக்கொள்வோம். ஐரோப்பாவின் கோடைத் தொடக்கம் என்பது மே 20 முதல் ஜூன் 20 வரை. இலையுதிர்காலத் தொடக்கம் என்பது செப்டம்பர் மாதம் முழுவதும், கூடவே அக்டோபரின் முதல் சில நாட்கள். நடுவிலுள்ள ஜூலை, ஆகஸ்டைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். அப்போது ஐரோப்பியர்களே லீவு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கூட்டமும் விலையும் சேர்ந்தே ஏறும்.

ஜூனுக்குச் சாதகமான வாதங்களில் வலுவானது வெளிச்சம். பாரிசில் ஜூன் 21 அன்று சூரியன் காலை 5.47-க்கு உதித்து இரவு 9.58-க்கு மறைகிறது. பதினாறு மணி நேரத்துக்கும் மேலான பகல். செப்டம்பர் நடுவில் அதே பாரிசில் காலை ஏழரைக்கு விடிந்து இரவு எட்டு மணி வாக்கில் இருட்டிவிடுகிறது. ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேர வித்தியாசம். பத்து நாளைக்குக் கணக்குப் போட்டால், ஜூனில் போகிறவருக்கு மூன்று பகல் இலவசம் என்று தோன்றும்.

இந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. லூவர் அருங்காட்சியகம் ஜூனிலும் மாலை ஆறு மணிக்கு மூடுகிறது. புதனும் வெள்ளியும் மட்டும் ஒன்பது வரை. மலை ரயில்களும் கேபிள் கார்களும் மாலையோடு நின்றுவிடும். கூடுதல் வெளிச்சம் கிடைப்பது ஆற்றங்கரையில் நடக்க, சதுக்கத்தில் உட்கார, சாலையில் கார் ஓட்ட. அதற்கும் மதிப்புண்டு, மறுக்கவில்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு எழுந்து எட்டு மணிக்குப் பேருந்தில் ஏறி, மாலை ஏழு மணிக்கு இந்தியன் ரெஸ்டாரன்டில் இறக்கிவிடப்படும் பேக்கேஜ் டூர் பயணிக்கு அந்த மூன்றரை மணி நேரம் ஹோட்டல் ஜன்னல் திரைக்கு அப்பால்தான் கழியும்.

வெளிச்சம் சிலருக்குச் சுமையாகவும் ஆகிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ஐந்து வேளைத் தொழுகையை விடாத குடும்பங்கள் ஏராளம். ஜூன் நடுவில் பாரிசுக்கு வடக்கே வானம் முழுமையாக இருட்டுவதே இல்லை. மக்ரிப் இரவு பத்து மணிக்கு, இஷா நள்ளிரவை ஒட்டி, ஃபஜ்ர் மறுபடி சில மணி நேரத்தில். பகலெல்லாம் சுற்றிவிட்டு இரவிலும் இப்படிக் கண்விழித்தால் நாலாம் நாள் உடம்பு கேட்காது. செப்டம்பரில் இஷா ஒன்பதரை, பத்து மணிக்குள் முடிந்துவிடும். விடிகாலைத் தொழுகைக்கு முன் ஒரு முழுத் தூக்கம் கிடைக்கும். தொழுகை நேரம் இல்லாத வீடுகளிலும், ஒன்பது மணிக்குப் படுத்துப் பழகிய பெரியவர்களுக்கு இதே கதைதான்.

அடுத்தது வானிலை. இங்கேதான் பலர் ஐரோப்பா முழுவதையும் ஒரே ஊராக நினைத்துத் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே ஒரு வானிலை, தெற்கே வேறு வானிலை. சூரிக், மியூனிக், சால்ஸ்பர்க் பகுதிகளில் அதிக மழை பெய்வது கோடையில்தான். பகலில் சூடேறி மாலையில் இடியோடு கொட்டும். சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு தொகைக்கு டிக்கெட் எடுத்து மேலே போய், மதிய மேகத்துக்குள் நின்றுகொண்டு வெள்ளைச் சுவரைப் படம் பிடித்துத் திரும்பியவர்களை நம் தெருவிலேயே பார்க்கலாம். செப்டம்பரில் இந்த மாலை இடிமழை குறைகிறது, காற்று தெளிகிறது, மலை முகடுகள் தூரத்திலிருந்தே கூர்மையாகத் தெரிகின்றன.

இத்தாலியின் தெற்குப் பாதியில் நிலைமை நேர் எதிர். ரோமில் ஜூன் வறண்ட மாதம். செப்டம்பரில் அதைவிட இரு மடங்குக்கும் மேல் மழை, மாதம் நகர நகர அது வலுக்கும். ஆனால் கடல் செப்டம்பர் பக்கம் நிற்கிறது. நீர் மெல்லச் சூடாகி மெல்லக் குளிர்வதால் அமால்ஃபிக் கரையில் செப்டம்பர் அலை ஜூன் தொடக்கத்தைவிட வெதுவெதுப்பாக இருக்கும்.

பனியைப் பார்க்கவே போகிறேன் என்பவருக்கு ஜூன் நல்லது என்ற எண்ணம் உண்டு. யுங்ஃப்ராவ்யோக்கிலும் டிட்லிஸிலும் பனி ஆண்டு முழுவதும் இருக்கிறது; அதற்காக மாதம் பார்க்க வேண்டியதில்லை. மாறாக, மே கடைசியில் போனால் பனியே தடையாக நிற்கும். ஃபுர்கா, சுஸ்டன் போன்ற ஸ்விஸ் கணவாய்ச் சாலைகள் ஜூன் வாக்கில்தான் திறக்கின்றன. பிரியன்ஸ் ரோட்ஹார்ன் நீராவி ரயிலும் உச்சி வரை ஓடத் தொடங்குவது ஜூனில்தான். செப்டம்பரில் எல்லாம் திறந்திருக்கும். அருவிகளுக்கு மட்டும் ஜூன் ஜெயிக்கிறது: பனி உருகும் அந்த மாதங்களில் ரைன் அருவியில் வினாடிக்குச் சராசரி 600 கன மீட்டர் நீர் விழுகிறது, குளிர்காலத்தில் 250-தான். செப்டம்பர் இரண்டுக்கும் இடைப்பட்டது.

டூலிப் தோட்டம் இன்னொரு மயக்கம். சினிமாப் பாட்டில் பார்த்த அந்தப் பூப்பாத்திகளை நினைத்து மே மாதக் கடைசியில் ஆம்ஸ்டர்டாமுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கியூகன்ஹாஃப் தோட்டம் மார்ச் மூன்றாம் வாரத்தில் திறந்து மே நடுவோடு மூடிவிடும். 2025-ல் மே 11-தான் கடைசி நாள். ஆக, நாம் ஒப்பிடும் இரண்டு பருவத்திலும் டூலிப் இல்லை. செப்டம்பரில் இருப்பது வேறொரு காட்சி: கோடை முழுவதும் மேய்ச்சல் மேட்டில் இருந்த மாடுகளைப் பூவும் மணியும் கட்டி ஊருக்குள் ஓட்டிவரும் சடங்கு. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பவேரியாக் கிராமங்களில் அது அவர்களுடைய மாட்டுப்பொங்கல். தோலைத் தொட்டுத் தரம் சொல்லும் நம் பக்கத்து ஆட்களுக்கு அந்த மாடுகளின் முதுகைப் பார்ப்பதே தனி சுவாரசியம். முள்வேலிக் கீறலும் உண்ணித் தழும்பும் இல்லாத தோல் எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

வானிலையில் ஆபத்துக் கணக்கையும் சேர்க்க வேண்டும். 2019 ஜூன் 28 அன்று பிரான்சின் தெற்கே 46 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2025 ஜூன் கடைசியில் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மீண்டும் 46-ஐத் தொட்டது. ஜூலை தொடங்கியதும் வெப்பத்தால் ஈஃபில் கோபுரத்தின் உச்சியை மூடினார்கள். ஜூன் 20-க்குள் திரும்பிவிட்டால் இதில் பெரும்பகுதிக்குத் தப்பலாம், ஆனால் வெப்ப அலைகள் முன்னால் நகர்ந்து வருகின்றன. வேலூர் வெயிலில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று நினைக்க வேண்டாம். இங்கே மின்விசிறியும் ஏ.சி.யும் மோரும் உண்டு. அங்கே பல நடுத்தர ஹோட்டல்களில் ஏ.சி. கிடையாது, மின்விசிறிக்குக் கொக்கியும் கிடையாது. குளிரைத் தாங்கக் கட்டிய சுவர் சூட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

செப்டம்பருக்கும் குறை உண்டு. 2024 செப்டம்பர் நடுவில் போரிஸ் புயல் ஆஸ்திரியா, செக், போலந்து, ருமேனியாவை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அந்த வாரம் வியன்னாவுக்கு டிக்கெட் எடுத்திருந்தவரிடம் செப்டம்பர் நல்ல மாதம் என்று சொன்னால் அடிக்க வருவார். அப்படிப்பட்ட வெள்ளம் அபூர்வம். கோடைத் தொடக்க இடிமழை வழக்கம். அபூர்வத்தை வழக்கத்தோடு சமமாக வைத்து எடை போடக் கூடாது.

கூட்டத்துக்கு வருவோம். மே கடைசி வாரங்கள் காலியாக இருக்கும் என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். ஏசு விண்ணேற்றம், பெந்தெகொஸ்தே விடுமுறைகள் அப்போதுதான் வருகின்றன. பவேரியாப் பள்ளிகளுக்கு இரண்டு வார லீவு. ஆல்ப்ஸும் கார்டா ஏரியும் நிரம்பிவிடும். வெனிஸ் நகராட்சியின் நடவடிக்கையே நல்ல சாட்சி. பகல் நேரப் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம், கடைசி நேரத்தில் பதிந்தால் 10 யூரோ, என்று 2025-ல் 54 நாட்களுக்கு வசூலித்தார்கள். அந்த நாட்கள் ஏப்ரல் 18-லிருந்து ஜூலை 27 வரைதான். எந்த மாதத்தில் ஊர் தாங்காது என்று வெனிஸே சொல்லிவிட்டது. அந்தப் பட்டியலில் செப்டம்பர் இல்லை.

ஆனால் செப்டம்பரில் இரண்டு ஊர்களை நாட்காட்டி பார்த்துத்தான் தொட வேண்டும். மியூனிக்கில் செப்டம்பர் மூன்றாம் வாரம் தொடங்கும் அக்டோபர்ஃபெஸ்ட், ஹோட்டல் வாடகையைத் தலைகீழாக்கும். மிலானில் ஃபேஷன் வாரமும், தோலுக்கான லினியாபெல்லே, காலணிக்கான மிகாம் கண்காட்சிகளும் அதே மாதத்தில் வரும். ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இது புதிதல்ல. அவர்களில் பலர் அதற்கென்றே போகிறவர்கள். கம்பெனி வேலையாகப் போகிறவர் குடும்பத்தையும் அழைத்துப்போய், கண்காட்சி முடிந்ததும் ஒரு வாரம் சுற்றிவிட்டு வருவது செலவிலும் அலைச்சலிலும் புத்திசாலித்தனம்.

தொழில்காரர்களுக்கு ஜூனில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஐரோப்பியக் கடைகளில் ஆகஸ்ட், செப்டம்பரில் அடுக்கும் குளிர்கால ஷூக்கள் அதற்கு முன்பே சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியிருக்க வேண்டும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பின் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதால், பயண நாட்கள் பத்து, பதினான்கு கூடின. ஷிப்மென்ட் தேதி அந்த அளவுக்கு முன்னால் வந்தது. மே, ஜூனில் கன்டெய்னர் கிளம்பாமல் முதலாளி கிளம்ப முடியாது. பக்ரீதும் இந்த ஆண்டுகளில் அதே மாதங்களில் விழுகிறது: 2025-ல் ஜூன் 7, 2026-ல் மே கடைசி வாரம், 2027-ல் மே நடு. பண்டிகை ஒரு பக்கம். குர்பானித் தோல் மொத்தமாக வந்து இறங்கும் நாட்கள் இன்னொரு பக்கம். அந்த வெயிலில் உடனே உப்புப் போடாத தோல் கெட்டுப்போகும். அப்போது யாரும் ஸ்விஸ் ஏரியில் நிம்மதியாகப் படகு ஓட்ட முடியாது.

பள்ளிக் குழந்தைகள் உள்ள வீடுதான் செப்டம்பருக்கு உண்மையான எதிர்வாதம். தமிழ்நாட்டில் 2024-ல் ஜூன் 10-ம், 2025-ல் ஜூன் 2-ம் பள்ளி திறந்தது. எனவே இவர்களுக்குக் கோடைத் தொடக்கம் என்பது மே 20-க்குப் பிந்தைய இரண்டு, மூன்று வாரங்களாகச் சுருங்குகிறது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அது முடிந்து வரும் லீவு ஏறத்தாழ ஒன்பது நாள். போக வரவே இரண்டு நாள் போய்விடும். மிச்ச நாட்களில் ஏழு நாடு பார்க்க முடியாது, ஒரு நாட்டை ஒழுங்காகப் பார்க்கலாம். பத்து நாளில் ஏழு நாடு என்ற பேக்கேஜில் குழந்தைக்கு நினைவில் நிற்பது பேருந்து ஜன்னல்தான் என்பதால், இந்தக் குறையை நான் பாதிக் குறையாகவே கணக்கிடுகிறேன்.

விசாவும் தராசில் ஏற வேண்டும். ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 45. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். மே பயணத்துக்கு ஊரே ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் மார்ச், ஏப்ரலில் சென்னையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது பெரும்பாடு. விமானக் கட்டணமும் பள்ளி லீவை மோப்பம் பிடித்து ஏறும். செப்டம்பருக்குப் போகிறவர் அந்த நெரிசல் அடங்கியதும் தேதியைப் பிடித்துவிட்டு நிதானமாகக் காகிதங்களைச் சேர்க்கலாம்.

தீர்ப்பு செப்டம்பருக்கே. வெளிச்சத்திலும் அருவியிலும் ரோமின் வறண்ட வானத்திலும் ஜூன் ஜெயிக்கிறது. தெளிந்த மலை, திறந்த சாலை, வெதுவெதுப்பான கடல், குறைந்த கூட்டம், தூக்கம், தொழுகை, தொழில், விசா என்று மற்ற எல்லாவற்றிலும் செப்டம்பர் முந்துகிறது. சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு ஃபேஸ்களில் ஓய்வூதியத்தோடு இருப்பவர்கள், ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ பிள்ளைகள் உள்ளவர்கள், தோல் தொழிலில் இருப்பவர்கள் ஆகிய மூவரும் யோசிக்கவே வேண்டாம். மாதத்தின் முதல் வாரத்தில் கிளம்பி, குளிர் கூடுவதற்குள் ஆல்ப்ஸை முடித்து, தெற்கே இறங்கி, ரோமின் மழை வலுப்பதற்குள் திரும்பிவிட வேண்டும்.

விலக்கு இரண்டு. நார்வே, ஸ்வீடன், ஸ்காட்லாந்து போகிறவர்கள் ஜூனில் போகட்டும். அங்கே பார்க்க வேண்டியதே அந்த நீண்ட பகல்தான். பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வாரமாவது சுற்றியே தீர வேண்டும் என்பவர்கள் மே கடைசியில் போகட்டும்; ஆனால் கணவாய்ச் சாலைகளையும் டூலிப்பையும் திட்டத்திலிருந்து அடித்துவிட்டு, ரோம், ஃபுளோரன்ஸ், பாரிஸ் என்று நகரங்களோடு நிற்கட்டும். வெயிலுக்குப் பயந்து மட்டும் மே மாதத்தைத் தேர்ந்தெடுப்பவருக்கு விலக்கு கிடையாது. அவர் ஏலகிரிக்கு அறை போட்டுவிட்டு, மிச்சப் பணத்தைச் செப்டம்பருக்கு எடுத்துவைக்கட்டும்.