அங்குலக் கணக்கு

வீட்டுக் கணினிக்குப் பெரிய திரை வேணும், கையில் காசு கம்மி என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அந்த விலைக்கு எது பெரிசோ அதை வாங்கிடுங்க." யூடியூப் விமர்சனங்கள் பலவும் இதையேதான் இருபது நிமிடத்துக்கு நீட்டிச் சொல்கின்றன. விலையை அங்குலத்தால் வகுக்கிற இந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடு இல்லை.

மலிவு விலையில் வரும் 24, 27, 32 அங்குலத் திரைகளில் பெரும்பாலானவை 1920 x 1080 பிக்சல்தான். அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று பார்த்தால் முறையே 92, 82, 69. அதாவது 32 அங்குலத்துக்குப் போனாலும் ஒரு வரிகூடக் கூடுதலாகத் தெரியாது. அதே பக்கம் ஊதிப் பெருத்துத் தெரியும், அவ்வளவுதான். பார்வை மங்கியவர்களுக்கு, தள்ளி உட்கார்ந்து படிப்பவர்களுக்கு அது உதவும், மறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு நஷ்டம்.

தமிழில் இது இன்னும் உறைக்கும். 3 மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு அந்த 32 அங்குலத் திரை தருவது 8 பிக்சல் வரிசை. 'க்' என்ற எழுத்தின் உடம்பு, மேலே இடைவெளி, அதற்கு மேல் புள்ளி எல்லாம் இந்த எட்டுக்குள் அடங்கணும். ரெண்டு சுழியா மூணு சுழியா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். பழைய நூல்களின் ஸ்கேன் பிரதியில் பிழை திருத்துபவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இன்னொரு யோசனை, "43 அங்குல 4கே டிவியையே மானிட்டரா போட்டுக்கோங்க" என்பது. இதை அப்படித் தள்ளிவிட முடியாது. நான்கு 21.5 அங்குல முழு எச்டி மானிட்டர்களைச் சட்டமில்லாமல் ஒட்டிவைத்தது போன்றது அது. அங்குலத்துக்கு 102 பிக்சல், நல்ல அடர்த்தி. ஆனால் சொல்பவர்கள் மூன்றை விட்டுவிடுகிறார்கள்.

ஒன்று, சில டிவிகள் நிறத் தகவலை நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று சுருக்கிவிடும். சினிமாவில் தெரியாது, சிவப்பு எழுத்தில் பல்லிளிக்கும். இரண்டு, பழைய மடிக்கணினியில் எச்டிஎம்ஐ 1.4 இருந்தால் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும், மவுஸ் இழுத்த இழுப்புக்கு வராது. மூன்று, திரையின் அகலம் 95 செ.மீ. இரண்டடி மேசையில் வைத்தால் நாள் முழுக்கக் கழுத்துதான் வேலை செய்யும். 32 அங்குல 'எச்டி ரெடி' டிவி பற்றிப் பேச்சே வேண்டாம். 1366 x 768, அங்குலத்துக்கு 49.

என் முடிவு இது. எழுத்து வேலைக்கு 27 அங்குலம், 2560 x 1440. அடர்த்தி 109. அதற்குக் காசு எட்டவில்லையா, 24 அங்குல முழு எச்டி போதும், மிச்சத்தைச் சேர்த்து வையுங்கள். டிவிதான் என்றால் உங்கள் மடிக்கணினியையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். சாம்பல் பின்னணியில் சிவப்பிலும் நீலத்திலும் சின்னத் தமிழ் எழுத்தில் ஒரு பத்தி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் ஓட்டும் அருவி வீடியோவைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் எல்லாத் திரையும் அழகுதான்.