நீல்ஸ் போரின் அடித்தல் திருத்தல்

நீல்ஸ் போர் என்றதும் பள்ளிப் புத்தகத்து அணுப்படம்தான் கண்முன் வரும்: நடுவே அணுக்கரு, சுற்றிலும் வட்டப்பாதைகள். என்னைச் சொக்க வைப்பது அந்த டென்மார்க் பேராசிரியர் எழுதிய விதம். தனியே உட்கார்ந்து அவர் எழுதியது அபூர்வம். எதிரே ஓர் ஆள் வேண்டும். இவர் சொல்லச் சொல்ல அவர் எழுத வேண்டும். எழுதும்போதே முகம் சுளிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

முதன்முதலில் அந்த இடத்தில் உட்கார்ந்தவர் அம்மா எல்லன். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக்கான ஆய்வேட்டை மகன் சொல்ல, தாய் எழுதினார். 1912 ஆகஸ்டில் திருமணம் ஆனதும் அந்த எழுதுகோல் மனைவி மார்கிரேத்தேயின் கைக்கு வந்தது. தேனிலவுக்குப் போன கேம்பிரிட்ஜில், பாதியில் நின்ற கட்டுரை ஒன்றை இருவருமாக முடித்தார்கள். கணவரின் ஆங்கிலத்தைப் புது மணப்பெண் பதமாகச் செப்பனிட்டார். அந்தத் தாளோடு இருவரும் மான்செஸ்டருக்கு, ஆசான் ரூதர்போர்டைப் பார்க்கப் புறப்பட்டார்கள். தேனிலவின் சீதனமாக ஓர் இயற்பியல் கட்டுரை, அழகுதான்!

அடுத்த ஆண்டு நடந்ததைச் சற்று நின்று ரசிக்க வேண்டும். அணு அமைப்பைப் பற்றிய தம் பெருங்கட்டுரையின் முதல் பகுதியை 1913 மார்ச்சில் போர் ரூதர்போர்டுக்கு அனுப்பினார். நீளம் அதிகம், வேண்டாததை நானே வெட்டிவிடட்டுமா என்று பதில் வந்தது. அதற்குள் போர் இன்னும் நீளமான திருத்தப் படி ஒன்றையும் அனுப்பியிருந்தார்! இருபத்தேழு வயது இளைஞர் மான்செஸ்டருக்கே நேரில் போய்விட்டார். பல மாலைகள் ஆசானும் மாணவரும் வாக்கியம் வாக்கியமாக உட்கார்ந்தார்கள். கடைசியில் இவ்வளவு பிடிவாதக்காரர் என்று நினைக்கவில்லை எனச் சொல்லி ரூதர்போர்டு விட்டுக்கொடுத்தார். கட்டுரை ஜூலையில் வெளிவந்தது.

ஆனால் ரூதர்போர்டு எழுதிய அந்த மார்ச் பதில் கடிதத்தின் உண்மையான மணி வேறொரு வரியில் ஒளிர்கிறது. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவும் எலெக்ட்ரான், தான் எந்த அதிர்வெண்ணில் அதிர வேண்டும் என்பதை எப்படித் தீர்மானிக்கிறது? போய்ச் சேரும் இடம் அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமே! நீளம் குறித்த ஆட்சேபத்துக்குப் போர் அந்த மாலைகளிலேயே பதில் சொல்லிவிட்டார். இந்தக் கேள்விக்கு விடைதேடி ஐரோப்பிய இயற்பியல் பத்தாண்டுக்கு மேல் அலைந்தது. ஒரு கைப்பிரதியைக் கனிவோடு படித்த கண்ணுக்குத்தான் இத்தனை கூரிய கேள்வி தோன்றும்.

1921-இல் கோபன்ஹேகனில் அவருடைய ஆய்வு நிறுவனம் திறந்தது. இப்போது போர் ஆசான். எழுதுகோல் பிடித்தவர்கள் கிராமர்ஸ், கிளைன், ரோசன்ஃபெல்ட் போன்ற இளைஞர்கள். அந்த அறையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மேசையைச் சுற்றி அவர் நடக்கிறார். ஒரு வாக்கியம் தொடங்குகிறது, பாதியில் ஒரு சொல் பிடிக்காமல் நிற்கிறது, திரும்புகிறது, வேறு வாசல் வழியாக மறுபடி நுழைகிறது. எழுதுபவர் அடிக்கிறார், மேலே எழுதுகிறார், அதையும் அடிக்கிறார். அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்த பிறகும் இது ஓய்வதில்லை. மெய்ப்பு என்பது போருக்கு இன்னொரு கைப்பிரதி, அவ்வளவே. (அச்சுக்கோப்பவர்கள் பாவம்.)

அங்கே வந்திருந்த இயற்பியலர் டிராக்குக்கு இது பொறுக்கவில்லை. வாக்கியத்தின் முடிவு தெரியாமல் அதைத் தொடங்காதே என்று பள்ளியில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே என்றாராம். டிராக்கின் பளிங்கு நடையை அறிந்தவர்கள் அவர் பக்கம்தான் சாய்வார்கள். நான் போர் பக்கம். ஆசானின் எண்ணம் தடுக்கி விழுந்து எழுவதை இத்தனை அருகிலிருந்து பார்க்கும் பேறு எந்த வகுப்பறையில் கிடைக்கும்?

மறுக்கும்போதும் அவருக்கு ஒரு நயமான பணிவு இருந்தது. ‘குறை சொல்வதற்காக இல்லை, கற்றுக்கொள்வதற்காகத்தான்’ என்று தொடங்குவார். அப்புறம் எதிராளியின் வாதம் தரைமட்டம். இளைஞர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். 1932-இல் கோபன்ஹேகனில் கூடியபோது கெத்தேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தைப் பகடியாக்கி, போரைக் கடவுளாகவும் இயற்பியலர் பௌலியைச் சாத்தானாகவும் மேடையேற்றினார்கள். ஆசானை அவருடைய கூடத்திலேயே கேலி செய்யும் சுதந்திரம்! தொல்காப்பியத்துக்கு அதங்கோட்டாசான் முன் அரங்கேற்றம் நடந்ததாகப் பாயிரம் சொல்லும் நம் மரபில், புலவன் பெரியோர் முன் நின்று தடைக்கு விடை சொல்வான். இங்கே பெரியவரே நிற்கிறார், சபையில் இருப்பது சிறுவர் கூட்டம்.

அந்தச் சாத்தான் பாத்திரம் பௌலிக்குக் கனகச்சிதம். போரைவிடப் பதினைந்து வயது இளையவர். யாருக்கும் தயவு காட்டாத நாக்கு. அவரிடமிருந்து கடிதம் வந்தால் நிறுவனத்தில் அது ஒரு விசேஷம் என்று ரோசன்ஃபெல்ட் நினைவுகூர்ந்திருக்கிறார். போர் அதைக் கையோடு கொண்டுபோவாராம், எடுத்தெடுத்துப் பார்ப்பாராம், ஆர்வமுள்ளவர்களுக்கெல்லாம் காட்டுவாராம். பதில் எழுதும் சாக்கில் எதிரே இல்லாத பௌலியோடு நாள்கணக்கில் வாதாடுவாராம். கண்டனம் வந்த காகிதத்தை இப்படிச் சீராட்டிய பேராசிரியர் இன்னொருவர் உண்டா, தெரியவில்லை.

தமிழருக்கும் இந்தக் கூடத்தில் பங்கு உண்டு. வானியற்பியலர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1932–33-இல் இங்கேதான் தங்கிப் படித்தார். அதே சந்திரசேகர் பிறகு ‘ஆஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்’ இதழின் ஆசிரியராக, 1952 முதல் 1971 வரை, பெரும் பேராசிரியர்களின் கட்டுரைகளைக் கறாராகச் சலித்தெடுத்தார்.

போர் குடும்பத்தில் வழங்கும் கதை ஒன்று. மேசைமேல் முடித்து வைத்ததுபோல் ஒரு கடிதம் நாட்கணக்கில் கிடந்தது. தம்பி ஹரால்ட் பார்த்துவிட்டு, இதை ஏன் இன்னும் தபாலில் போடவில்லை என்று கேட்டார். “ஐயோ, அது வரைவுக்கான முதல் வரைவுகளில் ஒன்றுதானே!” என்றார் அண்ணன்.