கலாநிதிப் பட்டமும் காலக் கணக்கும்

தகுதி என்னும் சொல்லைப் பல்கலைக்கழகங்கள் பெரிதும் விரும்புகின்றன. உயர்பட்ட ஆய்வுக்கு யாரைச் சேர்ப்பது, யாரை இடைநிறுத்துவது, யாருக்குப் பட்டமளிப்பது என்ற வினாக்கள் எழும்போதெல்லாம் அச்சொல்லே விடையாக முன்வைக்கப்படுகிறது. ஆயின் தகுதி என்பது வானிலிருந்து இறங்கி வந்ததன்று. அது விதிகளால் வரையறுக்கப்படுவது. விதிகளோ மனிதரால், ஒரு குறிப்பிட்ட சமுதாயத்தில், ஒன்றோடொன்று முரணும் நலன்களுக்கிடையே இயற்றப்படுபவை. ஒரு நாவலை அதன் சமுதாயப் பின்னணியில் வைத்து வாசிக்கப் பழகிய நாம், ஒரு விதிக்கோவையையும் அவ்வாறே வாசித்தல் வேண்டும். அது யாருக்குக் கட்டளையிடுகிறது? யாரிடம் வேண்டுகோள் மட்டும் விடுக்கிறது? இவ்விரு வினாக்களுமே இக்கட்டுரைக்கு ஆதாரமானவை.

இங்கு நோக்கப்படுவன இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2009, 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கலாநிதிப் பட்ட விதிகள். அங்கு முனைவர் பட்டம் என வழங்குவதையே நாம் கலாநிதிப் பட்டம் என்கிறோம். தமிழாய்வு மிகுதியாக நிகழ்வது அவ்விதிகளின் ஆட்சிக்கு உட்பட்ட பல்கலைக்கழகங்களிலேயே. நம் பட்டதாரிகள் சிலரும் கடல் கடந்து அங்கு சென்று பட்டம் பெற்றுத் திரும்புகின்றனர். ஆதலின் அது அயலாரின் வீட்டு விவகாரம் என்று நாம் ஒதுங்கி நிற்பதற்கில்லை.

விதிக்கும் பணத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. கார்ல் மார்க்ஸ் பயின்றது பெர்லினில். பட்டம் பெற்றதோ யேனாவில். 1841 ஏப்ரல் 6ஆம் நாள் தம் ஆய்வேட்டை அஞ்சலில் அனுப்பினார். 15ஆம் நாள் பட்டம் வழங்கப்பட்டது. நேரில் வராத மாணவருக்கும் கட்டணம் பெற்றுப் பட்டமளிக்க யேனாவின் விதி இடங்கொடுத்தது. அரை நூற்றாண்டின் பின் அதே பெர்லினுக்கு அமெரிக்கக் கறுப்பின மாணவர் டு பாய்ஸ் வந்து சேர்ந்தார். 1892 முதல் 1894 வரை அங்கு பயின்றார். அவருடைய பேராசிரியர்கள் அவருக்குப் பட்டமளிக்க விரும்பினர். ஆயினும் பல்கலைக்கழகத்தில் இத்தனை பருவங்கள் தங்கியிருத்தல் வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. எஞ்சிய பருவத்துக்கு உதவித்தொகையை நீடிக்க, அதனை வழங்கிய அமெரிக்க நிதியம் மறுத்துவிட்டது. அவர் பெர்லின் பட்டமின்றியே நாடு திரும்பினார்; 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். அறிவில் அவருக்கிருந்த குறை யாது? குறை கைப்பணத்தில் இருந்தது.

அம்பேத்கரின் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். பரோடா அரசின் புலமைப்பரிசிலோடு 1913இல் கொலம்பியாவுக்குச் சென்ற அவர், பின்னர் லண்டனில் பயின்றுகொண்டிருக்கையில் 1917இல் அப்பரிசில் முடிவுற்றமையால் படிப்பை இடையில் நிறுத்தி நாடு திரும்ப நேர்ந்தது. பம்பாயில் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பணத்தோடும், கோலாப்பூர் மன்னரின் உதவியோடும், நண்பர் ஒருவர் தந்த கடனோடும் 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். 1923இல் அங்கு அறிவியற் கலாநிதிப் பட்டம் பெற்றார். கொலம்பியாவிலோ, ஆய்வேட்டை அச்சிட்ட நூலாக ஒப்படைத்த பின்னரே பட்டம் வழங்கப்படும் என்பது அக்கால விதி. நூல் 1925இல் வெளிவந்தது. பட்டம் 1927இல் கிடைத்தது. படிப்பை முடித்தவர் பட்டத்துக்காகப் பத்தாண்டுகளுக்கு மேற் காத்திருந்தார். விதி எல்லோருக்கும் பொதுவானதே. ஆயின் அச்சுக்கூலி கொடுக்க வல்லவனுக்கு அது ஒரு சடங்கு. வல்லமையற்றவனுக்கு அது ஒரு மதில்.

இவற்றால் விதிகளே வேண்டியதில்லை என்று கொள்ளுதல் தவறு. விதியற்ற இடத்தில் ஆட்சி செய்வது சுதந்திரமன்று. தனிமனிதரின் விருப்பு வெறுப்பே. மேற்பார்வையாளரின் தயவு ஒன்றே நுழைவாயிலாக இருக்குமிடத்து, உறவும் சாதியும் பணிவிடையும் ஆய்வுத் தகுதியாக மாறிவிடும். 2009ஆம் ஆண்டு விதிகள் நுழைவுத் தேர்வையும், ஆய்வுமுறைப் பாடநெறியையும், ஒரு மேற்பார்வையாளர் ஏற்கக்கூடிய மாணவர் தொகைக்கு ஒரு வரம்பையும் கொண்டுவந்தன. அவை ஒருவகையில் முற்போக்கானவையே. பட்டங்களை விற்கும் கடைகள் இன்றும் இல்லாமற் போய்விடவில்லை. கலாநிதிப் பட்ட விதிகளை மீறியமைக்காக 2025 ஜனவரியில் ராஜஸ்தானத்தின் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் புதிய ஆய்வு மாணவரை ஐந்தாண்டுகளுக்குச் சேர்க்கலாகாது என மானியக் குழு தடைவிதித்தமை இதற்குச் சான்று. எனவே நம் வினா விதி வேண்டுமா என்பதன்று; விதி இருதரப்பையும் ஒப்பக் கட்டுகிறதா என்பதே.

சேர்க்கையை முதலில் நோக்குவோம். 2016 விதிகளின்படி எழுத்துத் தேர்வு ஒரு கடவை மட்டுமே. நூற்றுக்கு 50 புள்ளி பெற்றவர் அதனைக் கடந்து நேர்முகத்துக்குச் செல்வார். இதனை ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 2017இல் நடைமுறைப்படுத்தியபோது, கடந்து வந்தோருள் யாரைத் தெரிவது என்பதை நேர்முகமே முற்றாகத் தீர்மானிக்கும் நிலை தோன்றியது. எழுத்திற் பெற்ற புள்ளிக்கும் நேர்முகத்திற் பெற்ற புள்ளிக்கும் இடையே பாகுபாட்டின் சாயல் தென்படுவதாக அப்பல்கலைக்கழகத்தின் சொந்தக் குழுவே 2016இல் எடுத்துக்காட்டி, நேர்முகத்தின் பங்கைக் குறைக்குமாறு பரிந்துரைத்திருந்தது. நடந்ததோ அதற்கு நேர்மாறானது. விடைத்தாளில் ஊரும் சாதியும் தெரிவதில்லை. நேர்முக அறையில் உடையும் உச்சரிப்பும் கூச்சமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. தந்தை கையெழுத்திட அறியாத வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்த மாணவி, ஆங்கிலத்தில் உரையாடும் மூவர் முன்னிலையிற் சில நிமிடங்கள் தடுமாறுவது அவளுடைய ஆய்வாற்றலுக்கு அளவுகோலாகுமா? மாணவர் கிளர்ந்தெழுந்தனர். 2018இல் விதி திருத்தப்பட்டு எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்ற பங்கு வகுக்கப்பட்டது. இது தானாகக் கனிந்த கனியன்று, போராடிப் பறித்தது.

மேற்பார்வை வரம்பின் கதையும் சிந்திக்கத்தக்கது. பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 கலாநிதி மாணவர் என்பது வரம்பு. ஒருவரே இருபது முப்பது பேரைப் பெயரளவில் மேற்பார்வை செய்யும் கேட்டினை இது தடுக்கும் என்பது உண்மை. ஆயின் அதே 2017இல் இவ்வரம்பைக் காட்டியே மேற்கூறிய பல்கலைக்கழகத்தில், ஆயிரம் அளவில் இருந்த முதுதத்துவமாணி, கலாநிதி இடங்கள் இருநூறுக்கும் கீழாகக் குறைக்கப்பட்டன. மாணவர் மிகுதியென்றால் ஆசிரியரைக் கூட்டுவது ஒரு வழி; மாணவரைக் குறைப்பது மற்றொரு வழி. வரம்பை வகுத்த விதி, வெற்றிடமான ஆசிரியர் பதவிகளை இத்தனை காலத்துள் நிரப்புதல் வேண்டும் என அரசைக் கட்டவில்லை. கட்டப்படாத தரப்பு செலவில்லாத வழியையே தேர்ந்துகொண்டது.

2024இல் மற்றொரு மாற்றம் அறிவிக்கப்பட்டது. தனித்தனி நுழைவுத் தேர்வுகளுக்குப் பதிலாக, தேசிய தகுதித் தேர்வின் புள்ளியைக் கொண்டே கலாநிதிச் சேர்க்கையை நடத்தலாம் என்றனர். அத்தேர்வின் முதலாந் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைவது. சங்க இலக்கியத்தையோ நாட்டார் பாடலையோ ஆராய விரும்பும் தமிழ் மாணவன், தன் பாடத்தைத் தமிழில் எழுதலாம். ஆயின் அதன் முன்பாக வேற்று மொழித்தாள் ஒன்றைத் தாண்டுதல் வேண்டும். புலமை உதவித்தொகைக்குத் தெரிவாகாத மாணவர் பெறும் இப்புள்ளி ஓராண்டுக்கே செல்லுபடியாகும். இந்நிலையில் அவ்வாண்டு ஜூன் 18ஆம் நாள் நடந்த தேர்வு, மறுநாளே ரத்துச் செய்யப்பட்டது. மறுதேர்வு ஓகஸ்ட் இறுதியிலேயே தொடங்கியது. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்வெழுதியிருந்தனர். அவர்களது பயணச் செலவுக்கும் இழந்த மாதங்களுக்கும் பொறுப்பேற்றவர் யார்? மாணவனின் புள்ளிக்கு ஆயுள் ஓராண்டு என எண்ணிச் சொன்ன விதி, தேர்வு நடத்துவோரின் தவறுக்கு எக்கணக்கையும் வைத்திருக்கவில்லை.

சேர்ந்த பின் தொடங்குவது காலக் கெடு. 2022 விதிகளின்படி குறைந்தது மூன்றாண்டு, கூடியது ஆறாண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டாண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலதிகமாக இரண்டாண்டு உண்டு. மகப்பேற்றுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு உண்டு. இவை வரவேற்கத்தக்கவை. ஆயின் ஆறாண்டு என்பது எவருடைய ஆறாண்டு? தேசியத் தேர்வில் உதவித்தொகை பெற்ற மாணவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாவும், ஈராண்டின் பின் 42,000 ரூபாவும் உண்டு, அதுவும் ஐந்தாண்டுக்கே. அத்தேர்வில் உதவித்தொகை பெறாத மத்திய பல்கலைக்கழக மாணவருக்கு இருந்த மாதம் 8,000 ரூபாவையும் நிறுத்த 2015இல் முடிவு செய்தனர். டில்லியில் மானியக் குழு அலுவலகத்தின் முன் மாணவர் வாரக்கணக்கில் அமர்ந்து போராடியமையாலேயே அத்தொகை தப்பியது. மாநிலப் பல்கலைக்கழகங்களிற் பயில்வோருள் பெருந்தொகையினருக்கு அதுவுமில்லை. முழுநேர ஆய்வு என்று பதிவேடு கூறும். மாணவனோ தனியார் வகுப்பிலும் கடையிலும் உழைத்து எஞ்சிய நேரத்தில் ஆய்வு செய்வான். இவ்விருவருக்கும் ஒரே கடிகாரம் ஓடுகிறது.

உதவித்தொகை தாமதிப்பதன் பொருளை ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவின் மரணம் நாடறியச் செய்தது. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து மாணவருள் ஒருவராக அவர் இருந்தார். பல மாத உதவித்தொகை அவர் கைக்கு எட்டாதிருந்தது. 2016 ஜனவரி 17ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அம்மரணத்துக்குக் காரணங்கள் பல. சாதி ஒடுக்குமுறை அவற்றுள் தலையாயது. எனினும் அந்நிலுவையும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே என்பதை மறத்தலாகாது.

முன்னேற்றத்தை அளக்கும் விதியிலும் பாடமுண்டு. ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையேனும் வெளியாதல் வேண்டும் என்று 2009, 2016 விதிகள் கூறின. நோக்கம் நன்று, விளைவு யாது? பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் காளான்களாய் முளைத்தன. 2018 மே மாதத்தில் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. 2022 விதிகள் அக்கட்டாயத்தைக் கைவிட்டன. அறிவை எண்ணிக்கையால் அளக்கத் தொடங்கின், சந்தை அவ்வெண்ணிக்கையை விலைக்குத் தரும். அவ்விலையைக் கொடுத்தவர்களும் மாணவர்களே.

இப்போது விதியின் இலக்கணத்துக்கு வருவோம். ஆறு மாதத்துக்கொரு முறை மாணவன் ஆலோசனைக் குழுவின் முன் தன் முன்னேற்றத்தைக் காட்டுதல் வேண்டும். குறை கண்டு கூறிய திருத்தத்தை அவன் செய்யத் தவறின் பதிவை ரத்துச் செய்யுமாறு அக்குழு பரிந்துரைக்கலாம். இங்கு கடமையும் உண்டு, தவறினால் தண்டமும் உண்டு. மறுபக்கத்தில், ஒப்படைத்த ஆய்வேட்டின் மதிப்பீட்டை ஆறு மாதத்துள் முடித்தல் வேண்டும் எனப் பல்கலைக்கழகத்துக்கும் விதி கூறுகிறது. ஏழாவது மாதத்தில் யாது நிகழும்? அதற்கு அவ்விதியில் விடையில்லை. காத்திருக்கும் மாணவனுக்கு உதவித்தொகையும் இல்லை. பட்டமில்லாமையால் உத்தியோகமும் இல்லை. ஒரு தரப்பின் நாட்கள் எண்ணப்படுகின்றன. மறுதரப்பின் நாட்கள் எண்ணப்பட்டும் கணக்கில் ஏறுவதில்லை. இந்த ஒருதலைக் கணக்கே நாம் எதிர்க்கவேண்டியது.

இவ்வாறு கூறுங்கால், தரம் தாழ்ந்துவிடும் என்று சிலர் அஞ்சுவர். நாம் ஆய்வின் தரத்தில் அணுவளவும் குறைக்கக் கேட்கவில்லை. நிறுவனத்தின் தாமதத்துக்கு மாணவனின் காலக் கெடுவிலிருந்து கழிவு வேண்டும். மதிப்பீடு முடியும்வரை உதவித்தொகை தொடர்தல் வேண்டும். எழுத்துப் புள்ளியும் நேர்முகப் புள்ளியும் அருகருகே வெளியிடப்படுதல் வேண்டும். மேற்பார்வையாளர் கைவிட்டால் மாற்றுவழி கேட்கும் உரிமை எழுத்தில் இருத்தல் வேண்டும். இவற்றால் எந்த ஆய்வேட்டின் தரம் கெடும்?

இந்நாட்டிலும் பகலிற் பாடசாலையிற் கற்பித்து இரவில் ஆய்வேடு எழுதும் ஆசிரியர் உளர். கல்வியாண்டுகள் போரினாலும் நெருக்கடியினாலும் குலைந்த மாணவர் உளர். உயர்பட்ட ஆய்வுக்குப் பதிய முனையும் ஒவ்வொருவரும் தம் பல்கலைக்கழகத்தின் விதிக்கோவையைக் கையிலெடுத்து ஒரு சிறு சோதனை செய்தல் வேண்டும். மாணவனைக் கட்டும் விதிகளை ஒரு பக்கத்திலும், நிறுவனத்தைக் கட்டும் விதிகளை மறுபக்கத்திலும் எழுதுக. ஒவ்வொன்றின் எதிரிலும், மீறினால் யாது விளையும் என்பதைக் குறிக்குக. எந்தப் பக்கத்தில் வெற்றிடம் தென்படுகிறதோ, அந்த இடத்திலேயே ஆசிரியர் சங்கங்களும் மாணவர் சங்கங்களும் தம் கோரிக்கையை எழுதத் தொடங்கலாம்.